எண்ணாத சரக்குக்குச் சுருக்கொப்பம் இடலாமா?

கடிதத்தின் சுருக்கம்: வடமராட்சியைச் சேர்ந்த மாணவி ஒருவர், வணிகமாணிப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில், யாழ்ப்பாண நகரில் உள்ள சிறிய கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். மூன்று மாதங்கள் முடிந்துவிட்டன. முதல் ஆறு வாரங்களும் போட்டோக்கொப்பி எடுப்பது, வவுச்சர்களை இலக்க ஒழுங்கில் அடுக்குவது, பேரேட்டுப் பதிவுகளுக்கு எதிரே சரி அடையாளம் இடுவது, கடிதங்களைத் தபாலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றே கழிந்தன. கொடுப்பனவு பஸ் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் மட்டுமே போதும். ஒக்ரோபர் தொடங்கியதில் இருந்து இரவு ஏழரை மணிவரை நிற்கவேண்டியிருப்பதால், தந்தையார் பயிற்சியை விட்டுவிடும்படி சொல்கிறார். சேர்ந்த அன்று பெற்றுக்கொண்ட உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியை அலுவலகம் இன்னும் வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பனியாகப் பதிவுசெய்யப்பட்ட கட்டடப்பொருள் மொத்த வியாபாரம் ஒன்றின் கோப்பில், மார்ச் 31ஆம் திகதிய இருப்புக் கணக்கெடுப்புத் தாளைத் தயாரித்து, 'எண்ணுகையில் கலந்துகொண்டவர்' என்ற இடத்தில் அந்தத் திகதியுடன் சுருக்கொப்பம் (பெயரின் முதலெழுத்துகள்) இடுமாறு மூத்த உதவியாளர் ஒருவர் அவரிடம் கூறியிருக்கிறார். அந்த மார்ச் மாதத்தில் இவர் விரிவுரை மண்டபத்தில் இருந்தார். 'திங்கட்கிழமை செய்து தருகிறேன்' என்று சொல்லி நாளைக் கடத்தியிருக்கிறார். ஒப்பமிட்டால் பொய், மறுத்தால் பயிற்சி அறிக்கை கெட்டு, பட்டமும் பின்னர் பட்டயக் கணக்காளர் ஆகும் எண்ணமும் வீணாகிவிடும் என்று அஞ்சுகிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்து குறைகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே எடையுடையவை அல்ல. கொடுப்பனவும் நேரமும் சான்றிதழும் பேசித் தீர்க்கக்கூடியவை. போட்டோக்கொப்பியையும் வவுச்சரையும் பற்றிய மனக்குறை, அந்த வேலை எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லாததால் வந்தது. இருப்புத் தாள் மட்டும் வேறு வகையானது. திங்கட்கிழமைக்கு முன்னர் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது அதுவே என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்ணாத இருப்பும் உங்கள் சுருக்கொப்பமும்

'நான் பயிற்சிக்கு வந்த மாணவி, அறிக்கையில் ஒப்பமிடுபவர் கணக்காய்வாளர், ஆகவே பொறுப்பும் அவருடையது' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி சரி. கணக்காய்வு அறிக்கைக்கான பொறுப்பு அதில் ஒப்பமிடும் கணக்காய்வாளருடையதே; அதை உங்கள் தலையில் யாரும் ஏற்ற முடியாது. ஆனால் வேலைத்தாளில், அதாவது செய்த கணக்காய்வு வேலையைப் பதிந்து கோப்பில் வைக்கும் தாளில், உள்ள சுருக்கொப்பம் வேறொன்றைச் சொல்கிறது. இந்த வேலையை யார் செய்தார், எந்தத் திகதியில் செய்தார், யார் அதை மீளாய்வு செய்தார் என்பதைப் பதிவு செய்யவேண்டும் என்று இலங்கைக் கணக்காய்வு நியமம் 230 கேட்கிறது. நீங்கள் அங்கே ஒப்பமிட்டால், மார்ச் 31ஆம் திகதி அந்தக் களஞ்சியத்தில் நின்று சீமெந்துப் பைகளையும் கம்பிக் கட்டுகளையும் பெயின்ற் வாளிகளையும் உங்கள் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறீர்கள். கணக்காய்வாளர் அந்தச் சாட்சியை நம்பித்தான் தமது முடிவை எடுப்பார். நாளை வங்கியோ உள்நாட்டு இறைவரித் திணைக்களமோ கேள்வி எழுப்பினால், 'பயிற்சி மாணவி' என்ற சொல் அந்தத் தாளில் இருக்காது. உங்கள் பெயரின் எழுத்துகள் இருக்கும்.

இருப்பு ஏன் இவ்வளவு பெரிதாகப் பார்க்கப்படுகிறது என்பதை உங்கள் பாடத்தில் இருந்தே விளங்கிக்கொள்ளலாம். இறுதி இருப்பில் ஒரு இலட்சம் ரூபாயைக் கூட்டி எழுதினால் விற்பனைக் கிரயம் (விற்ற பொருட்களின் அடக்கவிலை) அதே தொகையால் குறைந்து இலாபம் ஒரு இலட்சத்தால் கூடும். குறைத்து எழுதினால் இலாபமும் அதனோடு வரியும் குறையும். கடன் கேட்கும் வியாபாரிக்கு முதலாவதும், வரிக்கு அஞ்சும் வியாபாரிக்கு இரண்டாவதும் ஆசையைத் தூண்டும். விற்பனையையோ கொள்வனவையோ மாற்றுவதற்கு மூன்றாம் தரப்பினரின் ஆவணம் வேண்டும். இருப்புத் தொகையை மாற்றுவதற்கு ஒரு பேனா போதும். அதனால்தான் கணக்காய்வு நியமம் 501, இருப்பு முக்கியமான தொகையாக இருந்தால் கணக்காய்வாளர் தரப்பு எண்ணுகையில் நேரில் கலந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

அதேவேளை, அந்த மூத்த உதவியாளரை உடனே குற்றவாளியாக்கி விடாதீர்கள். கடை தந்த பட்டியலை அலுவலகப் படிவத்துக்கு மாற்றி எழுதச் சொன்னதை நீங்கள் வேறுவிதமாக எடுத்திருக்கவும் கூடும். பழைய படிவத்தில் அச்சாகியிருந்த வாசகத்தை அவரே கவனிக்காமல் விட்டிருக்கவும் கூடும். ஆகவே முதலில் கேளுங்கள். 'அண்ணா, மார்ச் மாதம் நான் இங்கே இல்லையே. இந்த இடத்தில் என்ன எழுதவேண்டும் என்று ஒருக்கால் சொல்லித் தாருங்கள்' என்று, மற்றவர்கள் முன்னிலையில் அல்லாமல், அமைதியாகக் கேட்டாலே போதும். பலர் அந்த இடத்திலேயே தம்மைத் திருத்திக்கொள்வார்கள்.

அவர் திருத்திக்கொள்ளாவிட்டாலும், வேலையைச் செய்ய மறுக்கத் தேவையில்லை. பொய்யை எழுத மறுத்தாலே போதும். தாளைத் தயாரித்து, 'கடை நிர்வாகம் வழங்கிய பட்டியலில் இருந்து தொகுக்கப்பட்டது. எண்ணுகையில் நான் கலந்துகொள்ளவில்லை' என்று அதிலேயே எழுதி, நீங்கள் உண்மையில் எழுதும் நாளின் திகதியை இட்டுச் சுருக்கொப்பம் வையுங்கள். அது உண்மையான, பயனுள்ள ஒரு வேலைத்தாள். யார் கேட்டாலும் உங்களால் விளக்கம் சொல்ல முடியும்.

கணக்காய்வாளருக்கும் இதில் நேர்மையான வழிகள் இருக்கின்றன. இன்னொரு நாளில் களஞ்சியத்துக்குப் போய் எண்ணி, அந்தத் தொகையுடன் ஏப்ரல் முதல் எண்ணிய நாள்வரை விற்றவற்றின் கிரயத்தைக் கூட்டி, அதே காலத்தில் வாங்கியவற்றைக் கழித்து, மார்ச் 31ஆம் திகதிய இருப்பைப் பின்னோக்கிக் கணிக்கலாம். மார்ச்சில் இருந்த சீமெந்து இப்போது ஏதோ ஒரு வீட்டின் சுவராகியிருக்கும். ஆகவே கொள்வனவுப் பட்டியல்களும் விற்பனைப் பட்டியல்களும் ஒழுங்காக இருந்தால்தான் இந்தக் கணிப்பு நிற்கும். இடைவெளி கூடக்கூட இந்தச் சான்று பலவீனமடையும் என்பதும் உண்மை. இவ்வாறும் திருப்தி ஏற்படாவிட்டால், இருப்புத் தொடர்பில் போதிய சான்று கிடைக்கவில்லை என்று அறிக்கையிலேயே சொல்லவேண்டியது கணக்காய்வாளரின் கடமை. 'நாங்கள் ஒருமுறை போய் எண்ணிவிட்டுப் பின்னோக்கிக் கணிக்கலாமா? நான் வருகிறேன்' என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். நல்ல கணக்காய்வாளர் ஒருவர் அந்தக் கேள்வியில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியது அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய திகதியோடு ஒப்பமிட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினால், அலுவலக உரிமையாளரான கணக்காய்வாளரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அவரும் அதையே சொன்னால், மறுநாள் அங்கே போகாதீர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். உங்கள் பயிற்சி முடியாமல் போனாலும் பரவாயில்லை என்று நான் எழுதுவது யோசித்துத்தான். இலங்கை பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் ஒழுக்கக் கோவை நேர்மை, பக்கச்சார்பின்மை, தொழில்சார் தேர்ச்சியும் உரிய கவனமும், இரகசியம் பேணல், தொழில்சார் நடத்தை என்ற ஐந்து அடிப்படைகளில் நிற்கிறது. நேர்மைதான் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. பட்டயக் கணக்காளராக வர விரும்பும் ஒருவர், பொய்ச் சாட்சியத்தை முதல் அலுவலகத்திலேயே பழகிக்கொள்ளக் கூடாது.

வவுச்சர்களோடு போன ஆறு வாரங்கள்

'உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை' என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது வருத்தமாக இருந்தது. உங்கள் மீது அல்ல, அதை விளக்காமல் விட்டவர்கள் மீது. சரி அடையாளம் இடும் வேலைக்கு ஒரு திசை உண்டு. பேரேட்டில் உள்ள செலவுப் பதிவை எடுத்து அதற்கான வவுச்சரைத் தேடினால், பதியப்பட்ட செலவு உண்மையில் நடந்ததா என்று பார்க்கிறீர்கள். வவுச்சரையோ பொருட்கள் பெற்ற குறிப்பையோ முதலில் எடுத்து அது பேரேட்டில் வந்திருக்கிறதா என்று தேடினால், நடந்தவை எல்லாம் பதியப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறீர்கள். முதலாவது இல்லாத செலவையும், இரண்டாவது மறைக்கப்பட்ட கடனையும் வெளியே கொண்டுவரும். எந்தத் திசையில் போகிறோம் என்று தெரியாமல் இடும் நூறு அடையாளங்களால் பயன் ஒன்றும் இல்லை.

இனி ஒவ்வொரு வவுச்சரையும் எடுக்கும்போது சில கேள்விகளை மனதில் வையுங்கள். பட்டியல் கம்பனியின் பெயரில் இருக்கிறதா, பணிப்பாளரின் வீட்டு முகவரிக்கா? திகதி இந்த நிதியாண்டுக்குள் வருகிறதா? பெறுமதி சேர் வரி அறவிடப்பட்டிருந்தால் விற்றவரின் பதிவிலக்கம் உண்டா? அங்கீகரித்தவரும் பணத்தைப் பெற்றவரும் ஒரே ஆளா? புதிய இயந்திரம் ஒன்றின் விலை திருத்தச் செலவில் பதியப்பட்டிருக்கிறதா? மார்ச் இறுதி வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் உள்ள பட்டியல்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆண்டு எல்லையைத் தாண்டி நகர்த்தப்பட்ட விற்பனைகள் அங்கேதான் கிடக்கும். கம்பனியின் ஏட்டையும் வங்கிக்கூற்றையும் ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் 'இன்னும் மாற்றப்படாத காசோலைகள்' என்று ஒரு பட்டியல் இருந்தால், அதன் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதோடு நிற்காமல் ஏப்ரல் மாத வங்கிக்கூற்றை எடுத்து, அவை உண்மையில் மாற்றப்பட்டனவா என்று பாருங்கள். மாதக்கணக்கில் மாறாத காசோலை ஒன்று இருந்தால் அதை எழுதி மீளாய்வு செய்பவரிடம் காட்டுங்கள்.

தபாலகத்துக்கு அனுப்பினார்கள் என்ற குறையையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கவேண்டும். அவை பெரும்பாலும், கணக்கில் உள்ள மீதி சரிதானா என்று கேட்டுக் கடன்பட்டோருக்கும் வங்கிகளுக்கும் போகும் மீதி உறுதிப்படுத்தல் கடிதங்களாக இருந்திருக்கும். அவற்றைக் கணக்காய்வாளரின் ஆட்களே தபாலில் சேர்க்கவேண்டும், பதிலும் நேரே கணக்காய்வாளருக்கே வரவேண்டும் என்பது அந்தச் செயன்முறையின் உயிர். கடைக்காரரின் கையில் கொடுத்தால், இல்லாத கடன்பட்டோருக்கு அவரே பதில் எழுதிவிட முடியும். உங்களை அனுப்பியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

போட்டோக்கொப்பி இயந்திரத்தின் முன்னால் நிற்கும் நேரமும் அப்படித்தான். நிரந்தரக் கோப்புக்காக நீங்கள் பிரதி எடுக்கும் அமைப்பு விதிகள், குத்தகை உடன்படிக்கைகள், வங்கிக் கடன் கடிதங்கள் ஆகியவற்றைப் பிரதி எடுக்கும்போதே வாசியுங்கள். எந்தச் சொத்து எந்தக் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்பதை நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் தேடிப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கும்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதமும் இதுவே என்றால் அது பயிற்சி அல்ல. நீங்கள் செய்த வேலையை மூத்தவர் ஒருவர் பார்த்து, 'இது ஏன் விடுபட்டது' என்று கேள்வி எழுதித் திருப்பித் தருகிறாரா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன். எத்தனை கோப்பு, எவ்வளவு கொடுப்பனவு என்பவை அதற்குப் பிறகுதான்.

நேரம், கொடுப்பனவு, சான்றிதழ்

ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் வேலை கூடுவதற்குக் காரணம் உண்டு. மார்ச் 31இல் முடியும் வரிமதிப்பாண்டுக்கான வருமான விபரத்திரட்டை நவம்பர் 30ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும்; நமது வியாபாரிகளில் பலர் கணக்குப் புத்தகங்களைத் தருவதே தீபாவளிக்குப் பிறகுதான். அந்த நெருக்கடி டிசம்பரில் குறையும். ஆனால் அதற்காக நீங்கள் இரவில் பஸ்ஸுக்குத் தனியே நிற்கவேண்டும் என்பதில்லை. கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலங்களையும் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலங்களையும் சாதாரண வேலைநேரமாகக் கொள்கிறது. உங்களுடைய நேரத்தையும் அதே அளவில் வைத்துப் பேசலாம். 'காலை எட்டு மணிக்கே வருகிறேன், மாலை ஐந்தரைக்குப் போக அனுமதி தாருங்கள்' என்று கேட்பது நியாயமானது. தந்தையாரின் கவலையைப் பிற்போக்கு என்று ஒதுக்காதீர்கள். மாரிமழையில் பருத்தித்துறை வீதியால் இரவில் வரும் மகளைப் பற்றி அவர் கவலைப்படுவது இயல்பு. நேரம் சரியானால் அவருடைய எதிர்ப்பும் பெரும்பாலும் தணியும்.

கொடுப்பனவை ஊழியரின் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம்; பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகப் போயிருக்கிறீர்கள். ஆனால் ஆறு மாதம் முடிந்த பிறகும் 'இன்னும் கொஞ்சக் காலம் பயிற்சியாக நில்லுங்கள்' என்று சொல்லி ஊழியரின் வேலையை வாங்கினால் அது வேறு கதை. ஊழியராகச் சேர்ந்தால் நியமனக் கடிதம் வேண்டும். தகுதிகாண் காலம் உட்பட முதல் நாளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவருடைய பங்காக 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும். மற்றவர்களின் கணக்கில் இந்தக் கொடுப்பனவுகளைச் சரிபார்ப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

சான்றிதழின் மூலப்பிரதியைக் கொடுத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் கடிதமும் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியும் போதும். 'வேறொரு விண்ணப்பத்துக்கு வேண்டும்' என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். பொய்க் காரணமாக இருக்கக்கூடாது என்று நினைத்தால், 'என்னிடம் வைத்திருக்க விரும்புகிறேன்' என்பதே போதுமான காரணம். அதற்காகப் பயந்து எதற்கும் இணங்க வேண்டாம். பரீட்சைப் பெறுபேறுகளை உறுதிப்படுத்திய ஆவணமாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் மீண்டும் பெறலாம்.

இரகசியம் பற்றி ஒரு கண்டிப்பான சொல்

பயிற்சி அறிக்கைக்காக இரண்டு வாடிக்கையாளர்களின் ஐந்தொகையைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பதாகவும், விளங்காத பகுதிகளை நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இன்றே அழித்துவிடுங்கள், குழுவிலும் நீக்குங்கள். பாடப் பயன்பாட்டுக்குத்தானே என்பது விடையாகாது. யாழ்ப்பாணம் சிறிய இடம். கஸ்தூரியார் வீதியில் உள்ள நகைக்கடையின் கணக்கை நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால், கலியாணப் பேச்சுக்குக்கூட உங்கள் வீட்டுக்கு வந்து 'அவருக்கு எவ்வளவு வருமானம் வரும்' என்று விசாரிப்பார்கள். வீட்டிலும் சொல்லக்கூடாது. அறிக்கையில் நீங்கள் செய்த செயன்முறைகளை எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரையும் தொகைகளையும் தவிர்த்து, இறுதி வரைபை ஒப்படைக்க முன்னர் அலுவலகத்தின் சம்மதத்தைப் பெறுங்கள்.

விலகுவதா, இருப்பதா

உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. இந்த ஆறு மாதங்களும் பட்டயக் கணக்காளர் பயிற்சிக் காலத்தில் சேர்த்துக்கொள்ளப்படும் என்று ஓரிடத்தில் எழுதுகிறீர்கள். இங்கே பயின்றால் பயனில்லை, கொழும்புக்குப் போனால்தான் மதிப்பு என்று இன்னோரிடத்தில் எழுதுகிறீர்கள். பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் மூன்று ஆண்டு நடைமுறைப் பயிற்சிக்கு, நீங்கள் அங்கே மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும், அலுவலகம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையமாக இருக்கவேண்டும், பயிற்சி உடன்படிக்கையும் பதியப்பட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகக் கடிதத்தோடு சேர்ந்த ஆறு மாதம் தானாக அதில் சேராது. கொழும்பின் பெரிய நிறுவனங்களில் வங்கிகளையும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளையும் பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு பருவம் முழுவதும் ஒரே பகுதியைப் பார்க்கவும் நேரும். இங்கே ஒரு வியாபாரத்தின் கட்டுக்கட்டான வவுச்சரில் இருந்து பரீட்சை மீதி (பேரேட்டு மீதிகளின் பட்டியல்), நிதிக்கூற்று, வரி விபரத்திரட்டு வரை ஒரே ஆள் தொட முடியும். பட்டம் முடிந்ததும் வாடகை அறைச் செலவையும் சேர்த்து யோசித்துத் தீர்மானியுங்கள், இப்போது அவசரமில்லை.

ஒருவருக்கும் சொல்லாமல் நின்றுவிடுவது உங்களுக்கு முன்னால் உள்ள வழிகளில் மிக மோசமானது. பயிற்சி நிறைவு பெறாததோடு, உங்கள் பக்க நியாயமும் பதிவாகாமல் போகும். இருப்புத் தாள் விடயம் நேர்மையாகத் தீர்ந்தால், மிகுதி மூன்று மாதத்தையும் அங்கேயே முடிப்பது நல்லது என்பது என் கருத்து. அப்போது ஒரேயொரு வேண்டுகோளை வையுங்கள்: சிறிய வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை உங்களிடம் தரச்சொல்லிக் கேளுங்கள். தீராவிட்டால், இடம் மாற்றித் தரும்படி துறையின் பயிற்சி இணைப்பாளரிடம் கேட்கலாம். நடுவில் மாறிய மாணவர்கள் நீங்கள் மட்டுமல்ல.

மறுத்தால் அலுவலகம் தரும் பயிற்சி அறிக்கையில் கை வைப்பார்களோ என்ற பயத்தை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். சிலர் செய்வார்கள். அதற்கு எதிரான காப்பு நாட்பதிவேடுதான். ஒவ்வொரு நாளும் செய்த வேலையை வாடிக்கையாளரின் பெயரின்றி மூன்று வரியில் எழுதி, வார இறுதியில் மேற்பார்வையாளரின் ஒப்பத்தைப் பெறுங்கள். கடந்த மூன்று மாதத்தையும் நினைவில் உள்ள அளவுக்கு இந்த வார இறுதியிலேயே எழுதி, அது பின்னர் எழுதப்பட்டது என்பதையும் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசுவதற்கு முன்னரே பயிற்சி இணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். அதில் கடையின் பெயரோ தொகையோ வேண்டாம். 'நான் கலந்துகொள்ளாத எண்ணுகை ஒன்றுக்குக் கலந்துகொண்டதாக ஒப்பமிடும்படி கேட்கப்பட்டுள்ளேன், உண்மை நிலையைக் குறித்தே ஒப்பமிட இருக்கிறேன்' என்ற அளவில் எழுதினால் போதும்.